சக்கரம் திரும்பாத வண்டி திரும்புவது எப்படி?

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலைக்கு வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பஞ்ச ரதங்கள் மாட வீதியைச் சுற்றி வரும். பக்தர்கள் மேலே சாமியைப் பார்ப்பார்கள். வடம் பிடிப்பவர்கள் முன்னால் பார்ப்பார்கள். சக்கரத்தின் பக்கத்திலேயே குனிந்தபடி கூட நடக்கும் சிலரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கையில் முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். இழுப்பது ஆயிரம் பேர் என்றாலும் தேரை ஓட்டுவது உண்மையில் இவர்கள்தான்.

தேருக்கு ஸ்டீரிங் கிடையாது. சக்கரங்கள் நேராக உருளும், அவ்வளவுதான். அப்படியானால் தெரு முனையில் எப்படித் திரும்புகிறது? ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டையைச் சாய்வாகக் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம் தயங்குகிறது, கொஞ்சம் வழுக்குகிறது. மறுபக்கம் வடத்தின் இழுப்பில் முன்னேறுகிறது. தேர் மெல்ல மூக்கைத் திருப்புகிறது. கட்டை ஒரு சாண் தள்ளிப் போனால் தேர் யாருடைய வீட்டுத் திண்ணையிலாவது போய் நிற்கும்.

ராணுவ டாங்க் திரும்புவதும் அடிப்படையில் இதே வித்தையில்தான். பொக்லைன் வண்டியின் அடியில் ஓடுகிற இரும்புப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு டிராக் என்று பெயர். அதையும் கார் சக்கரம் மாதிரி இடது வலது என்று ஒடிக்க முடியாது. ஒரு பக்கத்தைத் தாமதப்படுத்தினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். முட்டுக்கட்டைக்குப் பதில் பிரேக், கிளட்ச், பல்சக்கரம்.

அந்தப் பாகங்கள் எண்பது வருடம் மண்ணில் கிடந்து துருப்பிடித்துப் போனால் மறுபடி எப்படிச் செய்வது? செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, அது எங்கெங்கோ போய் கடைசியில் நம்ம ஆவடியில் வந்து நின்றது. பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். காஸ்ட் அக்கவுண்டிங்கும் வரும் :-)

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸில் ஃப்ளேர் என்ற இடத்தில் உலகின் முதல் டாங்குகள் போருக்கு வந்தன. பிரிட்டிஷ் மார்க் 1. எடை 28 டன், இன்ஜின் 105 குதிரைத்திறன். உள்ளே எட்டுப் பேர். அதில் வண்டியைத் திருப்ப மட்டும் நான்கு பேர் வேண்டும்! டிரைவர் ஒருவர், பிரேக்கைக் கவனிக்கும் தலைவர் ஒருவர், இரண்டு பக்க டிராக்குக்கும் தனித்தனி கியர் போட இருவர். உள்ளே இன்ஜின் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அதனால் டிரைவர் இன்ஜின் மூடியைத் தட்டி ஆளைக் கூப்பிட்டு, கையால் ஜாடை காட்டுவார். ஒரு பக்க கியரைக் கழற்ற வேண்டும், அந்தப் பக்கம் பிரேக் போட வேண்டும், மறுபக்கம் ஓட வேண்டும். எதிரில் பீரங்கி. என்ன கொடுமை பாருங்கள். லேசாக வளைவதற்காக வண்டிக்குப் பின்னால் வால் மாதிரி இரண்டு சக்கரம் வேறு வைத்திருந்தார்கள். அது அதிகம் உதவவில்லை என்று பிறகு எடுத்துவிட்டார்கள்.

1918-ல் வந்த மார்க் 5 டாங்கில்தான் ஒரே ஆள் ஓட்ட முடிந்தது. அதற்குக் காரணம் வால்டர் கார்டன் வில்சன் என்ற பொறியாளர் அமைத்த எபிசைக்ளிக் கியர். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிக் கிரகங்கள் மாதிரி சின்னப் பல்சக்கரங்கள். வெளியிலிருந்து ஒரு வளையத்தை இறுக்கினாலோ தளர்த்தினாலோ போதும், வேகம் மாறும். இந்த வில்சன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஆவடியில் மறுபடி வருவார்.

நிற்க. பிரேக் போட்டுத் திருப்புவதில் ஒரு பெரிய நஷ்டம் உண்டு. இன்ஜின் பாடுபட்டு உண்டாக்கிய சக்தியை பிரேக் சூடாக்கி வீணாக்குகிறோம். நேர் ரோடு என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. கொஞ்சம் கொஞ்சம் வளைந்துகொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சின்ன வளைவுக்கும் பிரேக் அடித்தால் வண்டி வெட்டி வெட்டிப் போகும். பிரேக் லைனிங்கும் தேய்ந்துபோகும்.

இதற்கு ஓர் அழகான விடை சர் ஜான் கார்டன் என்பவரின் வடிவமைப்பு வரிசையில் வந்தது. அவரும் விவியன் லாய்டும் சேர்ந்து 1920-களில் ஒருவர் இருவர் உட்காரும் குட்டி டாங்குகளைச் செய்துகொண்டிருந்தார்கள். 1928-ல் விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங் கம்பெனி அவர்கள் தொழிலை வாங்கிக்கொண்டது. கார்டன் 1935 டிசம்பரில் ஒரு விமான விபத்தில் இறந்துவிட்டார். ஆனால் அந்த வரிசையில் வந்த வண்டிதான் பிற்பாடு பிரென் கன் கேரியர் என்றும், 1940-லிருந்து யுனிவர்சல் கேரியர் என்றும் பெயர் பெற்றது. மேலே கூரை இல்லாத தகர டப்பா மாதிரி இருக்கும். சுமார் 12 அடி நீளம், 4 டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை, 7 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனில் இரும்புக் கவசம், நடுவில் ஃபோர்டு வி8 இன்ஜின். மணிக்கு 30 மைல் போகும்.

இதில் லீவர் இல்லை, கார் மாதிரி ஸ்டீரிங் வீலே இருந்தது. டிராக் வண்டிக்கு ஸ்டீரிங் வீல் எதற்கு? அங்கேதான் விஷயம். வண்டியின் முன்பகுதியில் குறுக்காக ஒரு கனமான இரும்புக் குழாய், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வண்டியின் உடம்பையே துளைத்துக்கொண்டு போகிறது. அதன் இரண்டு முனைகளிலும் டிராக்கின் மேல் ஓடுகிற முன் சக்கரத் தொகுதிகள். டிரைவர் வீலைக் கொஞ்சம் திருப்பினால், தண்டும் நெம்புமாகப் போய் அந்தக் குழாய் முழுவதையும் பக்கவாட்டில் நகர்த்துகிறது. குழாயோடு சக்கரங்கள் நகர, அவற்றின் அடியில் இருக்கும் டிராக் வில் மாதிரி வளைகிறது. டிராக்கின் கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்களில் கொஞ்சம் ஆட்டம் விட்டிருப்பதால் அது உடையாமல் வளைந்துகொடுக்கும். வளைந்த பட்டை வளைந்த பாதையில்தானே ஓடும்? வண்டி பிரேக்கே இல்லாமல் இதமாக வளைந்து போகிறது. வீலை இன்னும் அதிகமாகத் திருப்பினால்தான் குழாய் தன் எல்லைக்குப் போய், அந்தப் பக்கத்துப் பின் பிரேக் பிடிக்கும். அப்போது வண்டி நம் தேர் மாதிரி வெடுக்கென்று திரும்பும். ஒரே வீல், இரண்டு வித்தை.

எனக்கு இயந்திரம் பற்றிப் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் இதன் படத்தை முதலில் பார்த்தபோது, இரும்புப் பட்டையை வளைத்தே வண்டியைத் திருப்பலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். (வேதனை என்னவென்றால், அமெரிக்காவில் இதே வண்டியை டி16 என்ற பெயரில் செய்தபோது இந்த வித்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு, லீவர் பிடித்து பிரேக் போடும் முறைக்கே போய்விட்டார்கள்.)

பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பல நாடுகளில் இதைச் செய்தார்கள். மொத்தம் சுமார் 1,13,000 என்று சொல்கிறார்கள். உலகத்தில் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்பட்ட கவச வண்டி வேறொன்றில்லை. கனடாவில் மட்டும் சுமார் 29,000. கார் கம்பெனி, ரயில்வே பட்டறை என்று லேத் இருந்த இடத்தில் எல்லாம் வேலை நடந்திருக்கிறது.

நம் ஆட்களுக்கும் இந்த வண்டிக்கும் நல்ல உறவு உண்டு. வட ஆப்பிரிக்காவிலும் பர்மாவிலும் இந்தியப் படைகள் இதில்தான் ஓடினார்கள். இரண்டாம் உலகப்போரில் விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்திய அதிகாரி பிரேமீந்திர சிங் பகத். பம்பாய் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1941 தொடக்கத்தில் அபிசீனியாவில், பின்னால் வரும் படைக்கு வழி செய்ய, கேரியரில் முன்னால் போய்க் கண்ணிவெடி எடுத்துக்கொண்டே போனார். நான்கு நாள், 55 மைல், 15 கண்ணிவெடி வயல்கள். இரண்டு முறை அவர் வண்டியே வெடித்துச் சிதறியது. உடன் இருந்தவர்கள் அடிபட்டார்கள். அவர் இன்னொரு வண்டியில் ஏறி வேலையைத் தொடர்ந்தார். (1962 சீனப் போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ்-பகத் அறிக்கை என்று செய்தித்தாளில் அடிக்கடி வருமே, அந்த பகத் இவர்தான்.)

இந்தியாவில் அப்போது கேரியர் செய்தார்களா என்றால், டிராக் இல்லாத கேரியர் செய்தார்கள். கனடா ஃபோர்டிலிருந்து சக்கரம், ஸ்டீரிங், இன்ஜின் எல்லாம் உள்ள அடிச்சட்டம் கப்பலில் வரும். டாட்டாவின் ஜம்ஷெட்பூர் உருக்கில் கவசத் தகடு, ரயில்வே பட்டறைகளில் மேல் உடம்பு. டாட்டாநகர் என்றே அந்த வண்டிக்குப் பெயர் வந்துவிட்டது. 4,600-க்கும் மேல் செய்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் கவனியுங்கள். நாம் செய்தது உடம்பு. திருப்புகிற பாகம் வெளியிலிருந்து வந்தது. இந்த வரியைப் பிறகு பார்ப்போம்.

போர் முடிந்ததும் கேரியர்கள் அடிமாட்டு விலைக்கு ஏலம் போயின. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விவசாயிகள் வாங்கி, கவசத்தை வெட்டி எறிந்துவிட்டு டிராக்டர் மாதிரி உழைக்கவிட்டார்கள். ஓடும்வரை ஓட்டி, நின்ற இடத்திலேயே விட்டுவிட்டார்கள். பல பத்தாண்டுகள் மழை, மண், புல். பிறகு பழைய வண்டிப் பித்தர்கள் தேடி வந்தபோது என்ன மிச்சம் இருந்திருக்கும்?

கவசத் தகடு தாங்கும். தடிமனான இரும்பு, மேலே பொரிந்தாலும் உள்ளே இருக்கும். ஃபோர்டு வி8 இன்ஜினுக்குப் பாகம் கிடைக்கும், லட்சக்கணக்கில் கார்களுக்காகச் செய்யப்பட்டதாயிற்றே. மாட்டிக்கொள்வது ஸ்டீரிங்கில்தான். ஏனென்றால் அது இந்த வண்டிக்கு மட்டுமே உரியது. வேறு எந்தக் காரிலும் லாரியிலும் குறுக்குக் குழாய் நகர்வதில்லை. அது இருக்கும் இடமோ மோசமான இடம். வண்டியின் முன்னால், தரைக்கு அருகில், டிராக் சேற்றை வாரி அடிக்கும் இடத்தில், உறைக்குள் குழாய் நகர வேண்டும். உறைக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது. இரும்பு துருவாகும்போது பருத்துப்போகும், முன்னைவிட அதிக இடத்தை அடைக்கும். பருக்க இடமில்லாத இடத்தில் பருத்தால்? உறையும் குழாயும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஒரே இரும்பாகிவிடும். சம்மட்டியால் அடித்தாலும் வராது. சூடுகாட்டி, எண்ணெய் ஊற்றி, ஆறவிட்டு, மறுபடி சூடுகாட்டி, பொறுமையாக நாள்கணக்கில் பிரிக்க வேண்டும்.

சின்னப் பாகங்களுக்கு இன்னொரு வழி, சலவை சோடா கரைத்த தண்ணீரில் போட்டு பேட்டரி சார்ஜரின் மைனஸை அதில் மாட்டுவது. பிளஸ் முனையில் ஒரு பழைய இரும்புத் துண்டு. துரு தளர்ந்து வந்துவிடும், நல்ல இரும்பு நிற்கும். (யாராவது முயன்றால் பிளஸ்ஸில் எவர்சில்வரை மட்டும் மாட்டாதீர்கள். குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். வெளியில், காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யவும், ஹைட்ரஜன் வரும்.)

சரி, பிரித்தாயிற்று. பாகம் கையில் இருக்கிறது, ஆனால் உபயோகமில்லை. மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி. புதிதாகச் செய்ய வேண்டும். லேத் பட்டறையில் கொடுத்து, “அண்ணே, இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க” என்றால் போதாதா?

போதாது. வெர்னியரை வைத்து அளந்தால் 49.2 என்று காட்டும். அது என்ன எண்? எண்பது வருடம் முன் வரைபடத்தில் இருந்த அளவா? தேய்ந்த பிறகு உள்ள அளவா? துரு தின்ற பிறகு உள்ள அளவா? பழைய பாகத்தை அப்படியே நகல் எடுத்தால் அதன் தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுக்கிறோம். புதுப் பாகம் பிறக்கும்போதே கிழடாகப் பிறக்கும். அதைப் பழைய உறையில் போட்டால் லொடலொடவென்று ஆடும். ஸ்டீரிங்கில் அந்த ஆட்டம் கூடாது.

அதனால் துப்பறிவார்கள். குழாயின் எந்தப் பகுதி உறைக்குள்ளேயே இருந்தது, உரசலே படாதது? அங்கே அளக்கலாம். ஆணி போன துளையின் நடுப்பகுதி தேயாமல் இருக்குமா? அதோடு சேரும் மறுபாகத்தின் அளவு என்ன? அந்தக் காலத்தில் அங்குலக் கணக்கு, ஆகவே கிடைத்த அளவு எந்த அங்குலப் பின்னத்துக்கு அருகில் வருகிறது? 49.2 என்பது 50 ஆக இருந்திருக்காது, இரண்டு அங்குலமான 50.8 ஆக இருந்திருக்கலாம். இன்னொருவரிடம் இருக்கும் வண்டியிலும் அதே பாகத்தை அளந்து வாங்குவார்கள். இரண்டும் வேறுவேறு விதமாகத் தேய்ந்திருக்கும், அதுதான் உதவி. ராணுவத்தின் பராமரிப்புக் கையேடுகளும் பாகப் பட்டியல்களும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் இருப்பது கழற்றி மாட்டும் முறையும் பாகத்தின் எண்ணும். எத்தனை ஆயிரத்திலொரு அங்குலம் இடைவெளி விட வேண்டும் என்பது தொழிற்சாலை வரைபடத்தில்தான் இருக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது உ.வே.சா.தான். சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பிப்பதற்கு முன் அவர் ஊர் ஊராய் அலைந்து ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடினார். ஒன்றில் செல்லரித்த இடம் இன்னொன்றில் நன்றாக இருக்கும். ஒருவர் ஏடெழுதும்போது செய்த பிழை அதைப் பார்த்து எழுதிய எல்லா ஏட்டிலும் தொடரும். ஒரே ஏட்டை வைத்துப் பதிப்பித்தால் பூச்சி தின்றதையும் சேர்த்துப் பதிப்பித்ததாகிவிடும். ஏட்டுக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ் வாத்தியார்கள் அடிக்க வரலாம். வேலை ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அளவு கிடைத்தாலும் எந்த இரும்பு? பழைய பாகத்தின் ஓரத்தைச் சாணைக்கல்லில் பிடித்து, பறக்கும் பொறியின் வடிவத்தைப் பார்த்தே கார்பன் எவ்வளவு என்று சொல்லிவிடும் மேஸ்திரிகள் உண்டு. இங்கே ஒரு சுவாரசியம். அம்பத்தூரிலோ கோயம்புத்தூரிலோ எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் இ.என்.8, இ.என்.24 என்று இரும்புக்குப் பெயர் சொல்வார்கள். அது இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன் அவசரமாக உருக்கு வகைகளை ஒழுங்குபடுத்தி வைத்த வரிசை எண். கேரியர் காலத்துப் பெயரையேதான் இன்றைக்கும் நம்மவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

வார்ப்பில் செய்த பாகம் என்றால் இன்னொரு சிக்கல். பழைய பாகத்தையே மணலில் பதித்து அச்சு எடுத்து உருக்கை ஊற்றினால், ஆறும்போது சுமார் 2 சதவீதம் சுருங்கும். 100 மி.மீ. வேண்டுமென்றால் மாதிரி 102 இருக்க வேண்டும், கடைசல் பிடிக்க அதற்கு மேலும் கொஞ்சம் சதை வேண்டும். ஆக மர மாதிரியைப் புதிதாகச் செய்தாக வேண்டும். பிறகு மரை. பிரிட்டனில் செய்த கேரியரில் உடம்புப் பக்கம் பிரிட்டிஷ் விட்வொர்த் குடும்பத்து மரை, ஃபோர்டு பாகங்களில் அமெரிக்க மரை. ஒரே வண்டிக்கு இரண்டு செட் ஸ்பேனர். மாற்றி முடுக்கினால் மரை போச்சு.

எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவும் வேண்டியதில்லை. குழாயில் குழி ஆழமில்லை என்றால் லேத்தில் கொஞ்சம் கடைந்து சன்னமாக்கி, அதற்கேற்பத் தடிமனான புஷ் போட்டுவிடலாம். பழைய இரும்பு பிழைக்கும். இப்போது முப்பரிமாண ஸ்கேனர் வந்துவிட்டது, கம்ப்யூட்டர் லேத் வந்துவிட்டது. வேலை எளிதுதான். ஆனால் ஸ்கேனரும் குழியைக் குழியாகவேதான் காட்டும். அது பாகத்தின் குழியா துருவின் குழியா என்று முடிவு செய்ய ஆள் வேண்டும்.

இப்போது காஸ்ட் அக்கவுண்டிங். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். மர மாதிரி, அளவெடுப்பு, மெஷின் செட்டிங் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய். இது எத்தனை செய்தாலும் மாறாத செலவு. ஒரு பாகத்துக்கு இரும்பும் கூலியும் 3,000. ஒன்றே ஒன்று செய்தால் அதன் அடக்கம் 43,000. பத்து செய்தால் 7,000. நூறு செய்தால் 3,400. நூறு பேர் எங்கே இருக்கிறார்கள்? அதனால்தான் இந்தப் பித்தர்கள் ஒருவர் ஒரு பாகம் செய்யும் முன் நாடு நாடாகக் கேட்டு ஆர்டர் சேர்க்கிறார்கள். நான் பத்து ஸ்டீரிங் புஷ் போடுகிறேன், நீ பிரேக் டிரம் போடு, மாற்றிக்கொள்வோம் என்று. கம்பெனிகள் ஏன் பழைய மாடலுக்குப் பாகம் தருவதை நிறுத்துகின்றன என்பதற்கும் இதே கணக்குதான் விடை. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் கழித்துக் கழித்து வண்டியின் மதிப்பு சைபருக்கு வந்துவிடும். அப்போதுதான் அதன் பாகத்தின் விலை ஆகாயத்துக்குப் போகும்.

பொழுதுபோக்குக்காரருக்கு இது பணப் பிரச்சினை. ஒரு நாட்டின் ராணுவத்துக்கு இதே பிரச்சினை வந்தால்? இங்கேதான் ஆவடி.

எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 1955 காங்கிரஸ் மாநாட்டால் பாடப்புத்தகத்தில் இடம்பிடித்த ஆவடி, இரண்டாம் உலகப்போரிலேயே பெரிய ராணுவக் கிடங்கு. 1961-ல் இந்திய அரசு விக்கர்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. ஆம், கேரியரின் அதே விக்கர்ஸ். டாங்கை மட்டும் வாங்கவில்லை, அதைச் செய்யும் உரிமையையும் வரைபடங்களையும் சேர்த்து வாங்கியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-ல் முதல் விஜயந்தா வெளியே வந்தது. 39 டன், 105 மி.மீ. பீரங்கி. 1980-கள் வரை சுமார் 2,200 டாங்குகள்.

விஜயந்தாவின் கியர்பாக்ஸ் பெயர் டி.என்.12. அதில் வேகம் மாற்றுவது முன்பு சொன்ன வில்சனின் எபிசைக்ளிக் கியர். திருப்புவது மெரிட் என்ற இன்னொரு பொறியாளரின் அமைப்பு. மெரிட் முறையில் திரும்பும்போது உள்பக்க டிராக்கிலிருந்து எடுக்கும் சக்தி பிரேக்கில் எரிந்து வீணாகாமல், பல்சக்கரங்கள் வழியாகச் சுற்றி வெளிப்பக்க டிராக்குக்கே போய்ச் சேரும். ஒவ்வொரு கியருக்கும் ஒரு குறிப்பிட்ட வளைவு. நியூட்ரலில் ஒரு டிராக் முன்னாலும் மறு டிராக் பின்னாலும் ஓடி, நின்ற இடத்திலேயே வண்டி சுழலும். இந்த மெரிட் அமைப்பு முதலில் சர்ச்சில் டாங்கில் வந்தது. 1965 போரில் அசல் உத்தரில் பேட்டன் டாங்குகளை எதிர்த்த நம் செஞ்சூரியன்களிலும் அது உண்டு. கேரியரின் குழாயைவிடப் பல மடங்கு சிக்கலான விஷயம். இதைத் தமிழ்நாட்டில் ஒரு தொழிற்சாலையில், வரைபடத்தைப் பார்த்து, பல் பல்லாக வெட்டிச் செய்திருக்கிறார்கள்.

வரைபடம் கையில் இருக்கும் வரை தேய்ந்த பாகம் பெரிய விஷயமே இல்லை. துருவை அளக்க வேண்டாம், உ.வே.சா. வேலை வேண்டாம். படத்தை எடு, இன்னொன்று வெட்டு. வெளியிலிருந்து வர வேண்டிய பாகம் என்றால்தான் வேறு கதை. விஜயந்தாவுக்குப் பிறகு ஆவடியில் ரஷ்ய டி-72 செய்தார்கள். அதில் பக்கத்துக்கு ஒரு கியர்பாக்ஸ். திரும்ப வேண்டிய பக்கத்தில் ஒரு கியர் குறைத்தால் வண்டி திரும்பும். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. ஒரே நாடாக இருந்தபோது ஒரு இடத்துக்கு எழுதினால் வந்த பாகங்களுக்கு, ஒரே ராத்திரியில் பல நாடுகளின் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. எதையெல்லாம் இங்கேயே செய்யக் கற்றிருந்தோமோ அது மட்டும் தடையில்லாமல் வந்தது.

ஆவடி போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் நம்முடைய சொந்த டாங்க். 2000-ல் 124-க்கு ஆர்டர், 2021 செப்டம்பரில் மேம்படுத்திய மார்க் 1ஏ 118-க்கு 7,523 கோடி ரூபாயில் ஆர்டர். அதே வருடம் அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது ஆவடி தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். கீழ் வந்தது. அர்ஜுனின் கவசம் நம்முடையது, பீரங்கி நம்முடையது. இன்ஜின் ஜெர்மனியின் எம்.டி.யு. வண்டியைத் திருப்புகிற கியர்பாக்ஸ் ஜெர்மனியின் ரெங்க் கம்பெனி வடிவமைப்பு. இன்ஜினுக்கு உள்நாட்டு முயற்சி நடக்கிறது. 1,500 குதிரைத்திறன் இன்ஜின் 2024 மார்ச்சில் மைசூரு பெமல் ஆலையில் முதன்முறையாக ஓடியது. ஆனாலும் அந்த டாட்டாநகர் வண்டி நினைவுக்கு வருகிறதா? உடம்பு இங்கே, ஸ்டீரிங் அங்கே.

விஜயந்தாக்கள் இப்போது ராணுவத்தில் இல்லை. பல ஊர்களில் பச்சைப் பெயிண்ட் அடித்துக் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். அதன் டி.என்.12-ஐக் கழற்றி மாட்டியவர்கள், பல்சக்கரம் வெட்டியவர்கள், சத்தத்தை வைத்தே எந்தப் பல் தேய்ந்தது என்று சொன்னவர்கள் எல்லாம் பென்ஷன் வாங்கிக்கொண்டு பட்டாபிராமிலும் திருநின்றவூரிலும் இருப்பார்கள். உங்களில் யாருக்காவது ஆவடி ஃபேக்டரித் தாத்தா இருந்தால் இந்த லீவில் போய்க் கேளுங்கள், சும்மா கதையாக வேண்டாம், எந்த அளவு, எந்த இரும்பு, எங்கே எவ்வளவு இடைவெளி என்று நோட்டு போட்டு எழுதிக்கொண்டு.